மூன்றாம் மாடி என்றார்கள்

எந்த ஊர் நல்ல ஊர் என்று
என்னிடம் கேட்கிறீர்கள்.
நான் ஊர்களை முதுகால் அறிந்தவன்.
பத்தொன்பது வருடமாக
அடுத்தவர் அலமாரிகளோடு
ஐரோப்பாவின் படிகளில் ஏறி இறங்குகிறேன்.
முன்பக்கம் நான்,
பின்பக்கம் ஸ்த்யேபான்.

வியன்னாவில் மூன்றாம் மாடி என்றார்கள்.
அங்கே தரைத்தளம் கணக்கில் இல்லை.
அதற்கு மேலே உயர்தரை, அதுவும் இல்லை.
அதற்கும் மேலே இடைத்தளம்,
அது மாடி மாதிரி இருக்கும், மாடி இல்லையாம்.
மூச்சு வாங்கி முடித்த பிறகுதான்
ஒன்று என்று எண்ணத் தொடங்குகிறார்கள்.
ஆனாலும் படிகள் தாழ்வு, நல்ல அகலம்.
துணி துவைக்கும் எந்திரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு
முடிசூட்டப் போகிறவன்போல் ஏறலாம்.

ஆம்ஸ்டர்டாமில் இருப்பது படியல்ல, ஏணி.
அதனால் வீட்டின் நெற்றியில் ஒரு கொக்கி.
கயிறு கட்டி சோபாவை வானத்துக்கு அனுப்புவோம்,
கால்வாய்ப் படகிலிருந்து யாராவது கை தட்டுவார்கள்.
சாமான் சுவரில் இடிக்காமலிருக்கத்தான்
வீடுகள் தெருப்பக்கம் குனிந்திருக்கின்றன என்பார்கள்.
உண்மையோ என்னவோ,
எனக்காகக் குனிந்த ஊர் அது ஒன்றுதான்.

ஸூரிக்கில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை
சத்தம் கூடாது.
பாதிப் படியில் பியானோவை முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு
ரொட்டியை மெதுவாக மென்றோம்.

நேப்பிள்ஸில் லிஃப்டுக்குக் காசு போடவேண்டும்.
இத்தனை நாடு சுற்றியவன் பையில்
பத்து சென்ட் இல்லை.
நாலாம் மாடியிலிருந்து ஒரு கூடை இறங்கி வந்தது,
உள்ளே நாணயம், பக்கத்தில் இரண்டு காப்பி.

லிஸ்பனில் தெருவே படிக்கட்டு.
வண்டி அடிவாரத்தில் நின்றுவிடும்.
எதிர் ஜன்னலில் பனியனோடு ஒருவர்
இடப்பக்கம், இடப்பக்கம் என்று
கடைசிவரை வழிநடத்தினார்.
வேலை முடிந்தபோது
அவருக்கும் வியர்த்திருந்தது.

அங்கேதான் இறக்கினோம்
லீஸ்பெத்தின் வாதுமை மர அலமாரியை, முதல்முறை.
கென்ட்டிலிருந்து வெயிலுக்காக வந்தவள்.
மூன்று வருடத்தில் வாடகை வெயிலைவிட ஏறியது,
வியன்னாவுக்குத் தூக்கினோம்.
அங்கே எல்லாம் சரியாக இருந்தது,
அண்டைவீட்டார் பெயரைத் தவிர எல்லாம் தெரிந்தது.
கடல் வேண்டுமென்று ட்ரியெஸ்தேவுக்குப் புறப்பட்டாள்.
ஒவ்வொரு முறையும் கையில் அதே நோட்டு:
வாடகை, டிராம், பல் வைத்தியர், ரொட்டி,
பத்துக்கு எத்தனை என்று பென்சிலில்.
கூட்டிப் பார்ப்பாள்,
பிறகு ரப்பரால் அழித்துத் தன் ஊருக்கு
அரை மதிப்பெண் கூட்டுவாள்.

ட்ரியெஸ்தேயில் இரண்டாம் திருப்பத்தில்
அலமாரி மாட்டிக்கொண்டது.
மேலே போகவில்லை, கீழேயும் வரவில்லை.
வெளியே போரா காற்று
ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருந்தது.
கதவைக் கழற்றினோம், கைப்பிடியைக் கழற்றினோம்,
ஸ்த்யேபான் தனக்குத் தெரிந்த புனிதர்களையெல்லாம்
ஒருவர் விடாமல் திட்டினான்.
இரவு பதினொன்றுக்கு அவளே சொன்னாள்,
விடுங்கள், அங்கேயே நிற்கட்டும்.

கதவை மாட்டிக்கொடுத்து, பாதிக் கூலி வாங்கிக்கொண்டு வந்தோம்.

அடுத்த வருடம் எழுதியிருந்தாள்.
முதல் தட்டில் தபால்காரர் கடிதம் வைக்கிறார்.
மேல்வீட்டு ஓரியெத்தா பிளம்ஸ் ஜாம் வைத்துவிட்டுப் போகிறாள்.
யாருடையதோ ஒரு பூனை குட்டி போட்டது,
கீழ் இழுப்பறையில், என் ஸ்வெட்டர்கள்மேல்.
எல்லார் குடையும் அதில்தான்.
நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேற்று இன்னொரு கடிதம்.
லியூப்லியானா எப்படி, கேள்விப்பட்டிருக்கிறீர்களா,
அலமாரியை இறக்க எவ்வளவு ஆகும் என்று.

இன்னும் பதில் போடவில்லை.
ஸ்த்யேபானுக்கு முழங்கால் அறுவை முடிந்திருக்கிறது,
பின்பக்கத்துக்கு ஆள் பார்க்கவேண்டும்.
பூனைக்குட்டிகள் என்ன ஆயின என்றும்
அவள் எழுதவில்லை.

என் வீடா?
மாரிபோரில், தரைத்தளம்.
வியன்னாக் கணக்கில்
இல்லாத தளம்.