எதிர்க்காற்றுக்கு இரண்டு மணி

தில்லியிலிருந்து டோக்கியோ
ஐயாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
உருண்டையின் மேல் நூல் பிடித்துப் பார்த்த கணக்கு அது.
நூல் போகும் வழியில் இமயம் நிற்கிறது,
அதன் பின்னால்
அவசரத்துக்குக்கூட இறங்க விடாத பீடபூமி.
ஆகவே வங்கம், பர்மா என்று
வளைத்துத்தான் போடுவேன் பாதையை.
பதினோரு வருடமாக இதுதான் வேலை.
மஹிபால்பூரில், ஜன்னல் இல்லாத இரண்டாம் மாடியில் உட்கார்ந்து
வானத்துக்கு எண்ணெய் அளப்பது.

போக ஏழரை மணி.
வர ஒன்பதே முக்கால்.
தூரம் என்னவோ அதேதான்.
உயரத்தில் மேற்கிலிருந்து ஓர் ஆறு ஓடுகிறது,
மார்கழி, தையில் அதற்கு வெறி.
போகிறவளை முதுகில் கைவைத்துத் தள்ளும்.
வருகிறவளை நெஞ்சில் கைவைத்து நிறுத்தும்.

நப்பின்னை போன விமானம்
இருபத்திரண்டு நிமிடம் முன்னதாகவே இறங்கியது.
திட்டத்தில் என் கையெழுத்து.
எரிபொருள் மிச்சமென்று டீங்ரா சாப்
எல்லோர் முன்னாலும் பாராட்டினார்.

பிறகு எங்களுக்கு நடுவே மூன்றரை மணி நேரம்.
மூன்று உலக வழக்கம், அந்த அரை நம்முடையது.
அவள் சுவரிலும் என் சுவரிலும்
பெரிய முள் ஒருநாளும்
ஒரே பக்கம் காட்டியதில்லை.

ஒரு வருடம் நாலு மாதம் கழித்து,
நாலு நாள் விடுப்பில் வந்தாள்.
'ஒண்ணு சொல்லணும். நேர்ல'
என்று ஏறும்முன் ஒரு செய்தி.
அதை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக்
கணக்கு இல்லை.

காலை நாலே முக்கால்.
ஓடுபாதையில் கண்ணுக்கு எட்டியது ஐம்பது மீட்டர்.
பிறகு அதுவும் இல்லை.
ரேவாரிக்கு மேலே ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு
ஜெய்ப்பூருக்குத் திரும்பியது புள்ளி.
மாற்று நிலையம்: ஜெய்ப்பூர்.
பிள்ளையார் சுழி மாதிரி
எல்லாத் திட்டத்திலும் போடுவதுதான்.
போட்டவனும் நான்தான்.

'கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க' என்றாள்.
'இருநூத்தம்பது கிலோமீட்டர்தான். நாப்பது நிமிஷம்.'
'பனி விலகினா.'
'விலகினா.'
பின்னால் ஒரு குழந்தை அழுதது,
யாரோ இந்தியில் தண்ணீர் கேட்டார்கள்.
'இங்க நல்ல வெயில் வரப்போகுது போல' என்றாள்.
'சரி, போன்லயே சொல்லிடட்டுமா?'

ஐயாயிரத்து எண்ணூறில்
ஐயாயிரத்து ஐந்நூறைக் கடந்து வந்த சொல்.

'இறங்கின பிறகு' என்றேன்.

ஒன்பதரைக்குப் புதிய மாலுமிகள் கிடைத்தார்கள்.
ஜெய்ப்பூர், தில்லி: ஒரு பக்கத் திட்டம்,
தூக்கத்தில்கூடப் போடலாம்.
காற்று என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதினேன்.
மூடுபனி நாளில் இலைகூட அசையாது.
எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை, தள்ளுவதற்கும்.

எரிபொருள் கட்டத்தில்
விதி கேட்டதற்கு மேல்
இரண்டு மணி நேரம் கூட்டினேன்.

டீங்ரா சாப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
திரையருகே குனிந்தார்.
'நாற்பது நிமிடத்துக்கா?'