நான்கு மஞ்சள் முளைகள்

செர்னெஸில் மஞ்சள் பஸ் ஏறும்போதே
மிதுஷா விதிகளை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.
பாதையை விட்டு இறங்கக் கூடாது.
பூவைக் கிள்ளக் கூடாது.
கல்லோ கொம்போ காய்ந்த இலையோ
எதையும் எடுத்துவரக் கூடாது.
கொண்டுபோனதில் ஒரு துணுக்கும்
விட்டுவரக் கூடாது.
"மூச்சு விடலாமோ?" என்றார் இவர்.
பஸ்ஸில் வேறு ஒருவருக்கும் தமிழ் தெரியாது.
நாங்கள் நாலு பேரும்
அளவுக்கு மிஞ்சிச் சிரித்தோம்.

புதன்கிழமை.
பத்தொன்பது வருசத்தில்
ஒரு புதன்கிழமை மத்தியானம்
இவர் முகத்தில் வெயில் விழுந்து நான் கண்டதில்லை.
பள்ளிக்கூட லீவு, அதுதான் வெளிக்கிட்டோம்
என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது.
டாவோஸ் ஹோட்டல் கைமாறிவிட்டது.
புது முதலாளியின் கடிதம்
குசினி லாச்சியில்
கரண்ட் பில்லுகளுக்கு அடியில் கிடக்கிறது.
நல்ல தாள். தடித்த தாள்.

ஏற்றத்தில்
என் முழங்கால் தனியாகக் கதைக்கத் தொடங்கிற்று.
ஆரூரன் முன்னால் ஓடுவதும் திரும்பி வருவதுமாய்
ஒரே மலையை இரண்டு தரம் ஏறினான்.
லார்ச் மரங்கள் மஞ்சளாகி நின்றன.
"சும்மா மஞ்சள் இல்லை,
குழம்பு வற்றி எண்ணெய் பிரியும்போது
சட்டி விளிம்பில் நிற்குமே, அது" என்றார் இவர்.
பிறகு ஒரு நாழிகை பேசவில்லை.

விழுந்த மரத்தை
விழுந்த இடத்திலேயே விட்டிருந்தார்கள்.
ஏன் ஒருவரும் தூக்கவில்லை என்று ஆரூரன் கேட்டான்.
அதற்குள் ஆட்கள் குடியிருக்கினம்,
எறும்பு, வண்டு, காளான் என்றாள் மிதுஷா.
இவர் நின்று அந்த மரத்தைப் பார்த்தார்.
நான் சப்பாத்துக் கயிறு கட்டுகிற சாட்டில்
குனிந்துகொண்டேன்.

இரவல் தொலைநோக்கியால்
மிதுஷா தாடிக் கழுகு தேடினாள்.
இறைச்சியை மற்றதுகள் முடித்த பிறகு
எலும்புக்கு மட்டும் வருமாம்.
உயரக் கொண்டுபோய்
பாறையில் போட்டு உடைத்துத் தின்னுமாம்.
"சூப்பின் அருமை தெரிஞ்ச ஆள்" என்றார் இவர்.
கழுகு வரவில்லை.

மார்குனெட்டுக்குக் கீழே
நான்கு மஞ்சள் முளைகளுக்கு உள்ளேதான்
இருந்து சாப்பிடலாம்.
புளிச்சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல்,
அவித்த முட்டை ஆளுக்கொன்று.
பழக்கதோஷம்,
வாயில் அகப்பட்ட கறிவேப்பிலையை
ஆரூரன் எடுத்து எறிந்தான்.
அது முளையைத் தாண்டி
ஒரு முழம் அப்பால்
புல்லில் போய் இருந்தது.

மிதுஷா எழும்பிவிட்டாள்.
விட்டுப் போகவும் கூடாது,
போய் எடுக்கவும் கூடாது.
ஒரு நாட்டுச் சட்டம் முழுவதும்
அந்த ஒற்றை இலையில் தடக்கி நின்றது.

இவர் குப்புறப் படுத்தார்.
வயிற்றுக்கு மேலே எல்லைக்கு வெளியே,
கால்கள் சட்டத்துக்கு உள்ளே.
பிள்ளைகள் ஆளுக்கொரு சப்பாத்தைப் பிடித்தார்கள்.
பக்கத்தில் இருந்த கிழ ஜோடி
பாண் கடிப்பதை நிறுத்திப் பார்த்தது.
சூட்டுச் சட்டியைத் துணியில்லாமல் தூக்கிப் பழகிய
இரண்டு விரல்
இலையைத் தொட்டது.

குப்பைப் பையை நீட்டினேன்.
இவர் அதில் போடவில்லை.
சட்டையில் ஒரு தரம் துடைத்து
வாயில் போட்டு மென்றார்,
முகம் சுளிக்காமல், மெதுவாக,
நரம்பு வரைக்கும்.
"வாசம் இன்னும் இருக்கு" என்றார்.

ஏதோ ஒரு நிழல்
எங்கள் சோற்றுப் பெட்டிகளைக் கடந்து போனது.
அண்ணாந்து பார்க்க
வானம் மட்டும்.

இறங்கி வருகையில் மிதுஷா
என்னோடு பின்தங்கி நடந்தாள்.
"அம்மா, கத்தரிக்கோல் தேடி
லாச்சியைத் திறந்தனான்."
"எப்ப?"
"போன கிழமை."
சரளைக்கல் சத்தம் கொஞ்ச நேரம்.
"தம்பிக்குச் சொல்ல வேண்டாம், என்ன?"
சொன்னதோடு முன்னால் ஓடிப்போய்
தகப்பனின் பையில் பாதி பாரத்தை
வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் இவர் நித்திரை.
சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில்
ஒரு புல்விதை
கொக்கி போட்டுத் தொங்கிக்கொண்டு வந்தது.
மிதுஷா கண்டாள்.
காலையில் எனக்குச் சட்டம் வாசித்தவள்
தட்டிவிடவில்லை.
வளைவுகளில் அது விழாமல் இருக்க
தன் ஜாக்கெட்டை எடுத்து
மெல்ல மேலே போட்டாள்.