ஒன்று தசம் மூன்று செக்கன்

நாவலடி ஐஸ் பெக்டரிக்குப் பின்னால்
ஒரு சீமெந்துத் தொட்டி. கிழமை நாட்களில் மீன் கழுவுவார்கள்.
ஞாயிற்றுக்கிழமை அது என் கடல்.

நீளம் நூற்றியிருபது சென்ரிமீற்றர், அகலம் பதினெட்டு,
மூழ்க வேண்டியது ஆறு.
பெருக்கி, முனைகள் ஒடுங்குவதற்காக எழுபது வீதம் எடுத்தால்
ஒன்பது கிலோவும் எழுபத்திரண்டு கிராமும்.
இவ்வளவுதான் தூக்குவேன் என்கிறது தண்ணீர்.
அதோடு பேரம் பேச ஏலாது.

ஆகவே ஐஸ் கட்டி எழுதும் கொப்பியின் கடைசித் தாளில்
கோடு கிழித்தேன்.
உடல், பைபர்: ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
(பிசின் கூடிவிட்டது. வெயிலுக்குப் பயந்து அவசரப்பட்டேன்.)
தளமும் மாடிகளும்: ஆயிரத்து நானூறு.
இரண்டு மோட்டார், இரண்டு தண்டு: எழுநூற்றெண்பது.
வேகக் கட்டுப்பாடு, சுக்கான் சேர்வோ, ரிசீவர்,
எப்போதும் நினைத்ததைவிடப் பாரமான வயர்கள்: முந்நூற்று நாற்பது.
பழைய யூபிஎஸ் பற்றரி: இரண்டு கிலோ இருநூறு.
அதை நடுவில், அடியில், ஒரு மயிரளவும் விலகாமல்
பலகை அடித்து இறுக்கினேன்.
படகுக்குள் பற்றரி நகர்ந்தால்
பற்றரிக்குள் படகு போய்விடும்.

மிச்சம் இரண்டரைக் கிலோ.
வலைக்குக் கோர்க்கும் ஈயக்குண்டுகளை
மீன் தராசில் நிறுத்து வாங்கி
அடிவயிறெல்லாம் பரப்பினேன்.
கவிழாது. இனி எந்தக் கொம்பன் காற்றுக்கும் கவிழாது.

தொட்டியில் இறக்கி, ஓரத்தை ஒரு விரலால் அமர்த்தி விட்டேன்.
பத்து ஆட்டம். ஒன்பது செக்கன்.

புவிதரன் சிரித்தான்.
"இது கப்பலா, வால் மிதிபட்ட ஓணானா மச்சான்?"

அவன் சொன்னது சரி.
நூறு மீற்றருக்கு மேலான உண்மைக் கப்பல்
ஒருமுறை சாய்ந்து நிமிரப் பதினாறு செக்கன் எடுக்கும்.
நூறில் ஒன்றாய்ச் சுருக்கினால்
நேரம் பத்தில் ஒன்றாகத்தான் சுருங்கும்.
ஒன்று தசம் ஆறு வேண்டும்.
என்னுடையது வெடுக் வெடுக்கென்று
எல்லாவற்றுக்கும் உடனே பதில் சொல்கிறது.
அடிப்பாரம் கூடினாலும் குற்றம்தான்.

அப்போது பார்த்து அவன் முச்சக்கரவண்டியின்
முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் நீல பல்புகளைக் காட்டினான்.
மூன்று மாதமாக நான் மறுத்து வந்தவை.
"மேலே ஒரு கிராம் வைத்தால் கீழே நாலு கிராம் வைக்க வேண்டும், விசரா"
என்று கொப்பியால் அடித்தே துரத்தியிருக்கிறேன்.

அறுநூறு கிராம் ஈயத்தைக் கிள்ளி எடுத்தேன்.
அறுநூறு கிராம் மேலே ஏறிற்று:
பித்தளைக் கம்பிக் கைப்பிடிகள், ஒரு பாரந்தூக்கி,
சீடி பிளேயர் மோட்டாரில் சுற்றும் ராடர்,
ஜன்னலுக்கு ஜன்னல் அவனுடைய விளக்குகள்.
ரிசீவரையும் மேலே கொண்டுபோனேன்.
ஏரியல் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால்
தண்ணீர் குரலை விழுங்கிவிடும்.

ஒன்று தசம் மூன்று.
அதோடு நிறுத்திக்கொண்டேன்.
கப்பலை நூறில் ஒன்றாக்கலாம்,
காற்றை ஆக்க முடியாது.

ஆனி மாதம். கச்சான் காற்று.
வாவியின் எங்கள் கரையில் இறக்கினோம்,
மேற்கிலிருந்து அடிப்பது தொடர்பு அறுந்தாலும்
இந்தப் பக்கம்தான் தள்ளும் என்று.
முகத்துவாரம் வெட்டி உப்பு ஏறிய தண்ணீர்:
சிவப்புக் கோடு ஒரு மில்லிமீற்றர் மேலே தெரிந்தது.
தொட்டியில் தெரியாத ஒரு மில்லிமீற்றர்.
என்னைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை.

எண்பது மீற்றரில், கல்லடிப் பாலத்தின் பக்கமாய்த் திரும்பும்போது
அது என் சொல்லைக் கேட்பதை நிறுத்திற்று.
மோட்டார் நின்றது. அப்படித்தான் பழக்கியிருந்தேன்:
குரல் கேட்காவிட்டால் ஓடாதே, நில்.

பக்கவாட்டில் காற்று. சாய்ந்தது.
இன்னும் சாய்ந்தது.
புவிதரன் செருப்பைக் கழற்றிவிட்டான்.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
நீல ஜன்னல்களோடு
அது மெல்ல, அவசரமில்லாத ஒரு பெருங்கப்பலைப் போல
நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து,
நிமிர்ந்து
எங்களை நோக்கி ஒதுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை?" என்றான்.
எண்ண மறந்துவிட்டேன்.