இடது காலில் ஒரு துளை

கேத்தி பாலாடாவில் என் அறைக்கு நேர் கீழே
அதிகாலை மூன்றரைக்குக் கேரட் கழுவத் தொடங்குவார்கள்.
இரும்பு உருளை புரளும் சத்தத்தில்
எழுந்து உட்கார்ந்து நான் புள்ளிகளை எண்ணுவேன்.

ஒரு புள்ளி, ஒரு காப்புரிமை.
ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் கோடு
'இவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்' என்ற ஒப்புதல்.
ஒப்புதலில் பாதி தானாக வந்ததில்லை,
பரிசோதித்த அதிகாரி சேர்த்துவிட்டது.
எட்டு லட்சம் கோடுகளில்
எங்கே திடீரென்று நெரிசல் கூடுகிறதோ
அங்கே நாளை பிறக்கும் என்று
பெங்களூருக்கு எழுதி அனுப்புவது என் பிழைப்பு.

இந்த முறை நெரிசல்
சோடியம் மின்கலத்தின் ஒரு மெல்லிய சவ்வைச் சுற்றி.
முப்பது வருடம் யாரும் சீண்டாத கொரியக் காகிதத்தை
ஒரே ஆண்டில் பதினான்கு பேர் தொட்டிருக்கிறார்கள்.

படத்தின் வலது ஓரம் மட்டும் எப்போதும் வெறிச்சென்று கிடக்கும்.
விண்ணப்பித்துப் பதினெட்டு மாதம் எதுவும் வெளியே வராது.
அந்த ஓரத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.
"அங்கே என்ன இருக்கு, ரெஜினா?"
பனிமூட்டம் சார் என்றேன் ஒருமுறை.
சிரித்தார்கள்.
நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னது.

மின்சாரம் போன ஒரு காலையில்
டீ கிடைக்குமா என்று இறங்கிப் போனேன்.
உருளை நின்றிருந்தது.
அதைத் தாங்கும் சட்டத்தின் இடது காலில்
இரண்டு விரல் நுழையும் துளை.
திருகாணி இல்லை, கம்பி இல்லை, சும்மா துளை.
"எதுக்குண்ணா இது?"
பெள்ளி தோளைக் குலுக்கினார்.
"மிஷினோட வந்தது."

எதிர்க் களத்து மிஷினிலும் இருந்தது.
அதே கால், தரையிலிருந்து அதே ஒரு சாண்.
முத்தொரையில் இரண்டு பார்த்தேன்.
பிறகு பேருந்து நிற்கும் இடமெல்லாம்
குனிந்து கால் பார்க்கிறவளானேன்.

எல்லநள்ளிப் பட்டறையில் அமலதாஸ்
கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுச் சொன்னார்:
"மொத மிஷினுக்குப் பழைய லாரி சேசிஸை வெட்டிப் போட்டேன்.
ஓட்டை லாரியோடது.
பாத்துச் செஞ்சவன் ஓட்டையையும் சேத்துப் பாத்துட்டான்."

அன்றிரவு மளிகை நோட்டின் பின்பக்கத்தில் வரைந்தேன்.
பத்தொன்பது மிஷின். பதினெட்டு கோடு.
ஒரு விண்ணப்பம் இல்லை, ஓர் எண் இல்லை.
யாரும் யாருக்கும் கடனை ஒப்பவில்லை.
துளை ஒப்பியிருந்தது.

பத்தொன்பதாவது, காட்டேரியில்.
அதன் துளைக்குள் ஒரு பச்சை ஹோஸ் போயிருந்தது.
சேற்று நீர் பின்னால் ஒரு தொட்டிக்கு ஓடி
தெளிந்து திரும்பி வருகிறது.
லாரித் தண்ணீர் வாங்குவது பாதியாகிவிட்டதாம்.
செய்தது மூட்டை தைக்கும் தெய்வானை.
"கால் நனைஞ்சுட்டே இருந்துச்சு, சொருகிவிட்டேன்" என்றாள்.
தொட்டி அப்புறம் வந்தது.

சவ்வு பற்றிய அறிக்கை வெள்ளிக்கிழமை போய்விட்டது.
எழுபத்திரண்டு சதவீதம் என்று போட்டேன்.
அதைப் படித்துப் பணம் போடுவார்கள்,
பணம் போன இடத்தில் நெரிசல் கூடும்,
கூடியதும் நான் சொன்னது பலித்ததாகிவிடும்.

திங்கட்கிழமை மூன்றரை மணி.
உருளை இன்னும் புரளவில்லை.
ஜன்னலைத் திறந்தால் கீழே டார்ச் வெளிச்சம்.
பெள்ளி குந்தியிருந்து
மிஷினின் இடது காலைத் தடவிக்கொண்டிருக்கிறார்.
தோளில் ஒரு சுருள் ஹோஸ்,
விலைச்சீட்டுகூடப் பிரிக்காமல்.