தேய்ந்த இடம்

ஸ்புரூஸ் வேர்களே படிக்கட்டு.
அடிரான்டாக் சேறு, இரண்டரை மைல்.
ராஸ்கோ மூன்று முறை பொய் சொன்னான்:
"இதோ, உச்சி."

மரங்கள் குட்டையாகி, முழங்காலளவாகி,
பிறகு வெறும் பாறை.
அதன்மேல் நான்கு இரும்புக் கால்களில்
காற்றுக்கு முனகும் தீக்கோபுரம்.

ராஸ்கோவுக்கு உயரம் ஆகாது.
முதல் படியில் உட்கார்ந்து
ஷூவிலிருந்து தண்ணீரைக் கொட்டுகிறான்.

மேலே, கண்ணாடி போன ஜன்னல்கள்.
வட்ட மேஜைமேல் வரைபடம்,
புகை தேடியவர்கள் காலத்தது.
ஏரிகள் இருக்கின்றன,
ரயில் நின்றுபோன தடம்கூட இருக்கிறது.
நடுவில் மட்டும் வெள்ளைத் திட்டு.
ஏறி வந்தவர்களெல்லாம்
"நாம் இங்கே" என்று விரல் வைத்து வைத்து
இந்த மலையையே அழித்துவிட்டார்கள்.

"புகை ஏதாவது தெரிகிறதா?"
கீழிருந்து கத்துகிறான்.

இல்லை என்று சொல்வதற்குள்
என் விரலும் அங்கே போயிருந்தது.