முகவரிக் கட்டம்

பிற்பகல் மூன்றுக்கே விளக்கு கேட்கிற ஊர் இது.
நூலகக் கதவு தானே திறந்து
உள்ளே வருபவர்களைத் தானே எண்ணும்.
நேற்று நானூற்றுப் பதினொன்று.
அதில் பதினாலு நான்தான்,
சிகரெட்டுக்குப் போய்த் திரும்பியது.

புத்தகமும் தருகிறோம்.
தையல் மெஷின், ரத்த அழுத்தக் கருவி,
முப்பத்தெட்டாம் அளவிலிருந்து சறுக்குக் காலணி,
துளைபோடும் மெஷின் ஒன்று.

மூன்றாம் கணினி எப்போதும் இஃப்ராவுக்கு.
வேலை விண்ணப்பத்தின் கடைசி வரியில் நின்று
'மரியாதையுடன்' என்பதில்
எந்த எழுத்து இரட்டிக்கும் என்பாள்.
சந்தேகமிருந்தால் எல்லாமே, என்பேன்.
பின்லாந்துக்காரர்கள்
எழுத்துக்கும் இரண்டு சட்டை போடுவோம்.

ஐமோ நவம்பரில் வந்தார்.
படிவத்தில் மூன்றாம் கட்டம் வரை
வேகமாக எழுதியவர்
பேனாவை அங்கேயே ஊன்றிக்கொண்டு நின்றார்.
காலியாக விட்டால் கணினி ஒத்துக்கொள்ளாது.
எங்கள் தெருப் பெயரையும் கதவு எண்ணையும்
நானே போட்டேன்.
விதியில் இதற்கு இடமிருக்கிறதா என்று
இன்றுவரை பார்க்கவில்லை.

எடுத்துப்போனது துளைபோடும் மெஷின்.
சுவரில்லாதவர் எதைத் துளைக்கப் போகிறார்
என்றாள் சிர்க்கா,
அவர் போன பிறகு.

கெடு தாண்டியது. தாமத நோட்டீஸ் போனது.
மூன்றாம் நாள் அது எங்களுக்கே வந்தது,
எங்கள் முத்திரையோடு
ஐமோவின் பெயருக்கு.
ஜோடி தொலைத்த கையுறைகளின் பெட்டியில்
போட்டுவைத்தேன்.
அதன்மேல் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்று வந்து விழுந்தது.
அப்புறம் நகராட்சி வீட்டுவசதிப் பிரிவிலிருந்து
தடித்த உறை.
தடித்தால் நல்ல சேதி, என்றாள் சிர்க்கா.
படிவங்கள், என்றேன் நான்.

ஜனவரியில் கதவு அவரை எண்ணியது.
இமையில் உறைபனி, ஒரு கையில் மெஷின்,
மறு கையில் பிளாஸ்டிக் வாளி.
ஏரியில் பதினெட்டுத் துளை, என்றார்,
யாரும் கேட்காமலே.
அபராதம் ஆறு யூரோ.
வாளியைக் கவுன்டரில் வைத்தார்:
முதுகில் கோடுபோட்ட மீன், ஏழு.

தடித்த உறையை
ரேடியேட்டர் அருகே நின்று படித்தார்.
இரண்டு தடவை படித்தார்.
மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
மெஷின் இன்னும் இரண்டு வாரம் கிடைக்குமா, என்றார்.
இந்த முறை சுவருக்கா
என்று கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன்.
முகவரி? என்றேன்.
அதுவே இருக்கட்டும்.

ஊழியர் அறை மைக்ரோவேவில் மீன் சமைக்கக் கூடாது.
என் கையெழுத்தில்தான் ஒட்டியிருக்கிறது.
வாசம் கணினிகள் வரை போய்
இஃப்ரா எழுந்து வந்தாள்,
உப்புப் போட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே.