கண்மட்டம்

வேலைத்தளத்தில் எனக்கு மூன்று கால் கருவி உண்டு.
ரசமட்டக் குமிழ் நடுவில் நின்றால்
மில்லிமீட்டர் வரை பேசுவேன்.
வெள்ளிக்கிழமை, அல் ரம்ஸ் கடலில்,
கயாக்கின் குழிக்குள் உட்கார்ந்தவனுக்கு
இரண்டு கண்தான்.
அவையும் தண்ணீரிலிருந்து எழுபத்தைந்து சென்டிமீட்டரில்.
கரையிலேயே டேப் வைத்து அளந்தான் ரோவெல்.

ஆக, கணக்கு எளிது:
பள்ளத்தில் இறங்கும்போது தொடுவானம் மறைந்தால்
எதிரே வருவது என் கண்ணைவிட உயரம்.
இதைத் தேநீரோடு சொல்வது சுலபம்.

முதலில் ரோவெலின் படகு போனது,
பிறகு தோள்,
பிறகு அந்த ஆரஞ்சுத் தொப்பி.
துடுப்பின் ஒரு நுனி மட்டும்,
வகுப்பில் யாரோ சந்தேகம் கேட்கக் கை தூக்கியதுபோல.
எண்ணினேன்.
நான்கில் மேலே வந்தான், எதையோ மென்றுகொண்டு.

நாலு நொடி. அவ்வளவுதான் இந்த வளைகுடா தரும் இடைவெளி.
ஆழமில்லாத கடல், அவசரக்காரக் கடல்.
மஸ்கட் பக்கம் இரண்டு மீட்டர் அலைமேல்
பிஸ்கட் தின்றிருக்கிறேன்;
பழைய லிஃப்ட் மாதிரி தூக்கும், இறக்கும்.
இங்கே ஷமால் அடித்தால்
அரை மீட்டர் போதும், மடியில் ஏறி உட்கார.

செயலி முக்கால் மீட்டர் என்றது.
நூற்றில் ஒன்று அதைப்போல ஒன்றரை மடங்கு வரும்.
எந்த ஒன்று என்று
செயலிக்கும் தெரியாது.

திரும்பும்போது மணல்திட்டு.
உடைகிற அலைகளைக் கடல்பக்கமிருந்து பார்த்தால்
வெறும் முதுகு,
இஸ்திரி போட்ட முதுகு.
"சின்னதுதான்" என்றேன்.
முகமெல்லாம் கரையைப் பார்த்திருந்தது.

கார் அருகே நின்ற ஷினோஜ் சொன்னான்: ஆள் உயரம்.
ரோவெல்: ஒரு மீட்டர், கூடவும் இல்லை குறையவும் இல்லை.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்,
நான்தானே சர்வேயர்.
மூக்கிலிருந்து உப்புநீர் வழிந்துகொண்டிருந்தது.
நான் பார்த்தது உள்ளேயிருந்து.
உள்ளே உயரம் என்று ஒன்று இல்லை.
பச்சையாக இருந்தது. மணல் சுழன்றது.
எது மேல் என்று
லைஃப் ஜாக்கெட்டுக்குத்தான் தெரிந்தது.

ரோவெலின் நோட்டில் என் கட்டம் காலி.

மறுநாள் தளத்தில்
குமிழ் நடுவில்தான் நின்றது.
ஹெல்பரை இரண்டு முறை கேட்டேன்,
தரை ஆடுதா என்று.